வாடகையைச் சொத்தாக எழுதிய கதை: வேர்ல்டுகாம் நிகழ்வு ஆய்வு

2002 ஜூன் 25 அன்று, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய தொலைதூரத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்டுகாம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முந்தைய ஐந்து காலாண்டுகளில் 385.2 கோடி டாலரைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகக் காட்டிவிட்டோம் என்பதுதான் அதன் சாரம். 26 நாள்கள் கழித்து, ஜூலை 21 அன்று, அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஏடுகளில் 10,000 கோடி டாலருக்கு மேல் சொத்துக் காட்டிய நிறுவனம் அது. அதுவரை அமெரிக்கா கண்ட திவால்களிலேயே பெரியது. 2008-ல் முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழும்வரை அந்தப் பெருமை அதனிடமே இருந்தது.

கணக்கியலைத் தொழிலாகக் கொள்ளப்போகாத மாணவர்கள், அதாவது பொறியியலோ இலக்கியமோ உயிரியலோ படித்துக்கொண்டு ஒரு பருவத்துக்கு மட்டும் இந்தப் பாடத்துக்கு வருபவர்கள், முதலில் படிக்க வேண்டிய மோசடி இதுதான் என்பது என் கருத்து. பலரும் 2001-ல் மோசடி வெளிப்பட்டு விழுந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானைத்தான் எடுப்பார்கள். என்ரானை விளக்கப் புகுந்தால் துணை நிறுவன வலைகளுக்குள்ளும் எதிர்கால ஒப்பந்தங்களின் மதிப்பீட்டுக்குள்ளும் போக வேண்டும். மாணவர்களுக்கு முன்பு ஆசிரியரே தொலைந்துபோகும் காடு அது. வேர்ல்டுகாமுக்கு முதல் இரண்டு வாரப் பாடம் போதும். கொடுத்த பணத்தின் பயன் இந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதா, இனியும் நீடிக்கிறதா? அந்த ஒரு கேள்விக்குத் தெரிந்தே தவறான விடை எழுதினார்கள்.

பங்கே பணமாக

1983-ல் மிசிசிப்பி மாநிலத்தில் எல்.டி.டி.எஸ். என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. பெரிய நிறுவனங்களிடமிருந்து தொலைதூர அழைப்புத் திறனை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதுதான் தொழில். 1985-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பெர்னார்ட் எபர்ஸ் கனடாவில் பிறந்தவர். வீடு வீடாகப் பால் போட்டிருக்கிறார், கூடைப்பந்து கற்றுக்கொடுத்திருக்கிறார், மோட்டல்கள் நடத்தியிருக்கிறார். தொலைபேசித் தொழில்நுட்பம் அவருக்குக் கைவந்த துறை அல்ல. நிறுவனங்களை வாங்குவதில்தான் அவர் கெட்டிக்காரர்.

வாங்கியது பெரும்பாலும் ரொக்கம் கொடுத்து அல்ல. தன் நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்து. நிதிப் பாடத்தில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பங்கின் விலை ஏற ஏற, அதே எண்ணிக்கைப் பங்குகளைக் கொடுத்து இன்னும் பெரிய நிறுவனத்தை வாங்கலாம். வாங்கிய நிறுவனத்தின் லாபமும் சேர்ந்து கணக்கு கொழுக்கும். அதைப் பார்த்துப் பங்கின் விலை இன்னும் ஏறும். 1998-ல் தன்னைவிட வருமானத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய தொலைதூரத் தொலைபேசி நிறுவனமான எம்.சி.ஐ.யைச் சுமார் 3,700 கோடி டாலர் மதிப்பில் வேர்ல்டுகாம் விழுங்கியது இப்படித்தான். இந்தச் சக்கரம் சுழல்வதற்கு ஒரே நிபந்தனை, பங்கின் விலை இறங்கக் கூடாது.

2000-ல் அது இறங்கத் தொடங்கியது. இன்னொரு தொலைபேசி நிறுவனமான ஸ்பிரிண்ட்டோடு இணையும் திட்டத்தை அமெரிக்க, ஐரோப்பியப் போட்டிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எதிர்த்ததால் ஜூலையில் கைவிட நேர்ந்தது. இணையத் துறைப் பங்குகள் சரிந்தன. எபர்ஸ் தன் சொந்தப் பங்குகளை ஈடு வைத்து வாங்கிய கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் ஈடு கேட்டன. அவர் பங்குகளை விற்றால் விலை இன்னும் விழும் என்று அஞ்சிய இயக்குநர் குழு, நிறுவனத்தின் பணத்திலிருந்தே அவருக்குக் கைகொடுத்தது. அந்தத் தொகை கடைசியில் சுமார் 40 கோடி டாலரைத் தொட்டது. ஒரு நிறுவனத்தின் கணக்கில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று தெரிய வேண்டுமானால், அதன் தலைவருடைய கடன் எதை ஈடாகக் கொண்டது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

லைன் செலவு

வேர்ல்டுகாமின் மிகப் பெரிய செலவு இயந்திரமும் அல்ல, சம்பளமும் அல்ல. ஓர் அழைப்பு ஒரு நகரத்தில் தொடங்கி இன்னொரு நகரத்தில் முடிகிறது. இரு முனைகளிலும் உள்ள கம்பி உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்களுக்குச் சொந்தம். அவற்றைப் பயன்படுத்த ஒவ்வொரு மாதமும் கட்டணம் கட்ட வேண்டும். இதற்குத்தான் லைன் செலவு என்று பெயர்.

இணையப் போக்குவரத்து எல்லையில்லாமல் பெருகும் என்று 1990-களின் இறுதியில் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் வேர்ல்டுகாம் நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கட்டணம் கட்டியாக வேண்டும். எதிர்பார்த்த போக்குவரத்து வரவில்லை. பில் மட்டும் தவறாமல் வந்தது.

இந்தத் தொழிலில் பகுப்பாய்வாளர்கள் முதலில் பார்ப்பது, வருமானத்தில் எத்தனை விழுக்காடு லைன் செலவுக்குப் போகிறது என்பதைத்தான். வேர்ல்டுகாம் தொடர்ந்து 42 விழுக்காட்டை ஒட்டியே காட்டிக்கொண்டிருந்தது. சந்தை சுருங்கி, விலைப்போட்டி கடுமையாகி, மற்றவர்களின் லாபம் கரைந்துகொண்டிருந்த காலத்தில் இந்த எண் மட்டும் அசையவில்லை. அசையாத எண்ணைப் பார்த்துப் பாராட்டியவர்கள் அதிகம். ஏன் அசையவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

இரண்டு வகைச் செலவு

தமிழ்ப் பாடநூல்கள் செலவுகளை முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரிக்கின்றன. இரண்டாவது பெயர் புதியவர்களைக் குழப்பும். அதில் வருவாய் எதுவும் இல்லை. நடப்புக் காலத்தில் வருவாய் ஈட்டுவதற்காகச் செய்து, அந்தக் காலத்தோடு பயன் தீர்ந்துபோகும் செலவு என்று விரித்துப் படித்தால் சரியாகிவிடும். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் இதில் சேரும். இவை அந்த ஆண்டின் லாபத்திலிருந்து முழுமையாகக் கழியும். கட்டடம், இயந்திரம் போல் பல ஆண்டு பயன்தருவதை வாங்கினால் அது முதலினச் செலவு. முதலில் சொத்தாக ஏட்டில் ஏறி, பிறகு ஒவ்வோர் ஆண்டும் தேய்மானமாகச் சிறிது சிறிதாக லாபத்திலிருந்து கழியும்.

இரண்டிலும் பணம் கையைவிட்டுப் போய்விட்டது. வேறுபாடு, அந்தப் பணம் எந்த ஆண்டின் லாபத்தைக் குறைக்கப்போகிறது என்பதில் மட்டும்தான். அந்த வேறுபாட்டுக்குள்தான் 385.2 கோடி டாலர் ஒளிந்திருந்தது.

முதல் தந்திரம், இரண்டாம் தந்திரம்

தொடக்கம் வேறு இடத்தில் நடந்தது. லைன் கட்டணங்களின் பில் சில மாதங்கள் தாமதமாக வரும். அதனால் காலாண்டு முடிவில், வரப்போகும் பில்லின் தொகையை மதிப்பிட்டு, அதைச் செலவாகவும் கொடுபட வேண்டிய பொறுப்பாகவும் பதிவார்கள். இது முறையான நடைமுறை. உண்மையான பில் மதிப்பீட்டைவிடக் குறைவாக வந்தால் மிச்சத்தைத் திருப்பி எழுதி, செலவைக் குறைப்பதும் முறைதான். மிச்சம் இல்லாதபோதே குறைத்தால்?

2000-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவனின் உத்தரவின்படி 82.8 கோடி டாலர் இப்படிக் குறைக்கப்பட்டது. பதிவை எழுதச் சொல்லப்பட்ட கணக்குப் பிரிவினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேலையை விடவும் எண்ணினார்கள். இந்த ஒருமுறை மட்டும்தான் என்ற உறுதிமொழி அவர்களை நிறுத்தி வைத்தது. அடுத்த காலாண்டிலும் அதே பதிவு தேவைப்பட்டது.

பொறுப்புக் கணக்கு கிணறு போல. இறைக்க இறைக்க வற்றும். 2001 தொடக்கத்தில் அது வற்றிவிட்டது. பில்லோ வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் இரண்டாம் தந்திரம் வந்தது: லைன் செலவின் ஒரு பகுதியைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்குகளில் போடுவது. நடவடிக்கைகளை முதலில் பதியும் ஏடான குறிப்பேட்டில் அதற்கு இரண்டே வரிகள் போதும். சொத்துக் கணக்கில் பற்று (சொத்து கூடும்), லைன் செலவுக் கணக்கில் வரவு (செலவு குறையும்). இரு பக்கமும் சமம். எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி ஒப்பிடும் பட்டியலான இருப்பாய்வும் பொருந்தும், கூட்டலில் ஒரு பைசாப் பிழை இராது. இரட்டைப் பதிவு முறை கூட்டல் பிழையைப் பிடிக்கும் கருவி. பொய்யைப் பிடிக்க அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னால் அது தலையசைத்துவிட்டுப் போகும். பாடத்தின் முதல் வாரத்தில் இருப்பாய்வு சமமாக வந்ததும் மகிழ்ந்துபோகிற மாணவரிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அந்த இடமாற்றத்துக்கு உள்ளே புழங்கிய பெயர்களில் ஒன்று 'முன்பணம் செலுத்திய கொள்திறன்'. கேட்பதற்கு எவ்வளவு கண்ணியமான பெயர்!

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் நீதிமன்றத்தில் கொடுத்த எண்களை அப்படியே பார்க்கலாம். 2001-ல் வேர்ல்டுகாம் காட்டிய லைன் செலவு 1,473.9 கோடி டாலர், உண்மையில் 1,779.4 கோடி. காட்டிய வரிக்கு முந்தைய லாபம் 239.3 கோடி டாலர், உண்மையில் 66.2 கோடி நட்டம். இரு இடத்திலும் வித்தியாசம் ஒன்றே, 305.5 கோடி. 2002-ன் முதல் காலாண்டில் காட்டிய லாபம் 24 கோடி, இடமாற்றிய 79.7 கோடியைக் கழித்தால் 55.7 கோடி நட்டம். 2001-ல் காட்டிய வருமானம் சுமார் 3,518 கோடி டாலர். அதை வைத்து விழுக்காட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். காட்டிய செலவுக்கு 42 வரும். உண்மைச் செலவுக்கு 50-ஐத் தாண்டும். அசையாத எண் எப்படி அசையாமல் இருந்தது என்பதற்கு இதுவே விடை.

ஏன் நிறுத்த முடியாது

சின்ன எண்களில் ஒரு பயிற்சி. ஒரு நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 100, செலவு 105. நட்டம் 5. சந்தை எதிர்பார்ப்பது லாபம் 15. எனவே 20-ஐச் சொத்துக்குத் தள்ளுகிறார்கள். லாபம் 15 ஆகிவிட்டது. அந்தப் போலிச் சொத்தை அடுத்த ஆண்டிலிருந்து பத்து ஆண்டுகளில் தேய்மானமாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் ஆண்டிலும் வருமானம் 100, செலவு 105. கூடவே முதலாண்டுப் பொய்யின் தேய்மானம் 2. நட்டம் 7. லாபம் 15 காட்ட 22-ஐத் தள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில் தேய்மானம் 4.2, தள்ள வேண்டியது 24.2. தொழிலில் எதுவும் மோசமாகாமலேயே பொய் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூட்டுவட்டியில் வளர்கிறது. தொழிலும் மோசமானால் கேட்கவே வேண்டாம். "இந்த ஒருமுறை மட்டும்" என்ற உறுதிமொழி கணக்கின் இயல்புக்கே எதிரானது. அதைச் சொன்னவரின் குணத்தை ஆராயத் தேவையில்லை. பெருக்கல் வாய்பாடே போதும்.

பணம் பொய் சொல்லாது என்பார்கள்

லாபத்தை நம்பாதே, ரொக்கத்தைப் பார் என்பது அறிமுக வகுப்புகளில் வழக்கமாகத் தரப்படும் அறிவுரை. வேர்ல்டுகாம் அந்த அறிவுரையையும் ஓட்டையாக்கியது.

ரொக்கப் பாய்வு அறிக்கை பணத்தை மூன்று அறைகளில் வைக்கும்: அன்றாடத் தொழில் நடவடிக்கை, முதலீடு, நிதி திரட்டல். லைன் கட்டணம் முதல் அறையைச் சேர்ந்தது. அதைச் சொத்து என்று பெயர் மாற்றியதும், அந்தப் பணம் வெளியேறியது இரண்டாம் அறையின் கணக்கில் போய்விடுகிறது. மேலே சொன்ன சின்ன எண்களில் எல்லாமே ரொக்கம் என்று கொண்டால், உண்மையில் தொழில் நடவடிக்கையில் 5 வெளியேறியது. ஏமாற்றிய பிறகு தொழில் நடவடிக்கையில் 15 உள்ளே வந்ததாகவும், முதலீட்டில் 20 போனதாகவும் தெரியும். லாபமும் அழகு, தொழிலிலிருந்து வரும் ரொக்கமும் அழகு. எதிர்காலத்துக்காக முதலீடு செய்கிற சுறுசுறுப்பான நிறுவனம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்று. இரண்டு அறைகளையும் கூட்டினால் அப்போதும் 5 வெளியேற்றம்தான். அதனால்தான் அனுபவசாலிகள் தொழில் ரொக்கத்திலிருந்து முதலினச் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை இந்தத் தந்திரத்தால் அசைக்க முடியாது.

அப்படியானால் முதலினச் செலவு திடீரென வீங்கியதை யாரும் கவனிக்கவில்லையா? வீங்கவில்லை என்பதுதான் நுட்பம். சந்தை சுருங்கியதால் வேர்ல்டுகாம் உண்மையான முதலீடுகளை அந்த ஆண்டு பெரிதும் வெட்டியிருந்தது. வெட்டியதால் ஏற்பட்ட பள்ளத்தைப் போலிச் சொத்து நிரப்பியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செலவு குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பது தெரியவில்லை. நடுவில், 2001 மே மாதத்தில், சுமார் 1,190 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்றது இந்த நிறுவனம். அதுவரை அமெரிக்க நிறுவனம் எதுவும் ஒரே வெளியீட்டில் அவ்வளவு திரட்டியதில்லை. வாங்கியவர்கள் கையில் இருந்தவை இந்த அறிக்கைகள்தாம்.

வெளிவந்தது

2002 ஏப்ரலில் எபர்ஸ் பதவி விலகினார். வெளித் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் என்ரான் விவகாரத்தில் சிக்கியிருந்ததால் மே மாதம் கே.பி.எம்.ஜி. அந்த இடத்துக்கு வந்தது. உள்தணிக்கைத் துறையின் தலைவர் சிந்தியா கூப்பர் முதலினச் செலவுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்கினார். 'முன்பணம் செலுத்திய கொள்திறன்' என்ற சொல் அப்போதுதான் அவர் குழுவின் காதில் விழுந்தது. அது என்ன என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்.

குழு இரவுகளில் வேலை செய்தது. கணினிக் கணக்கேட்டைத் துருவி, தரவை நகலெடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். தேடியது பெரிதாக ஒன்றுமில்லை. இத்தனை கோடிச் சொத்துக்கு வாங்கிய ரசீது எங்கே, ஒப்புதல் எங்கே, பொருள் எங்கே? எதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் சல்லிவன், இந்தத் தணிக்கையை அடுத்த காலாண்டு முடியும்வரை தள்ளிவைக்கும்படி கூப்பரைக் கேட்டார். கூப்பர் தள்ளிவைக்கவில்லை, இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனார். மாத இறுதிக்குள் சல்லிவன் பதவி நீக்கப்பட்டார்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம், கண்டுபிடிப்பின் எளிமை. உயர்கணிதமோ மென்பொருள் வித்தையோ அல்ல. சொத்து என்று எழுதியிருக்கிறாயே, அதைக் காட்டு என்ற கேள்விதான். வணிகவியல் பட்டம் இல்லாதவரும் அதைக் கேட்கலாம்.

பின்னர் நடந்த விசாரணைகளில் மோசடியின் மொத்தம் 385 கோடியிலிருந்து சுமார் 1,100 கோடி டாலர்வரை போனது. எபர்ஸ் 2005-ல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, உடல்நிலை காரணமாக 2019 டிசம்பரில் விடுவிக்கப்பட்டு, அடுத்த பிப்ரவரியில் இறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்ன சல்லிவனுக்கு ஐந்து ஆண்டுகள். பதிவுகளை எழுதிய நடுத்தட்டு அதிகாரிகளில் சிலரும் சிறைக்குப் போனார்கள். மேலதிகாரி சொன்னார் என்பது அவர்களைக் காக்கவில்லை.

சல்லிவனின் வாதம்

வகுப்பில் விவாதிக்கத் தகுந்த பகுதி இது. சல்லிவன் தன் செயலை நியாயப்படுத்தி எழுத்துமூலம் ஒரு விளக்கம் கொடுத்தார். அவர் வாதம் முட்டாள்தனமானது அல்ல. வருமானத்தையும் அதை ஈட்டிய செலவையும் ஒரே காலத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது கணக்கியலின் அடிப்படைகளில் ஒன்று. இந்த லைன்களில் வாடிக்கையாளர்கள் இன்னும் வரவில்லை; வருமானம் நாளைதான் வரும்; ஆகவே செலவையும் நாளைக்கு வைப்போம் என்றார்.

கவனமில்லாமல் படித்தால் தலையாட்டத் தோன்றும். சொத்து என்பதற்கு இலக்கணம் என்ன? நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து, இனிமேல் பயன் தர வேண்டும். மார்ச் மாதத்துக்காகக் கட்டிய லைன் கட்டணம் மார்ச் மாதத்துக் கொள்திறனை மட்டுமே தந்தது. அதைப் பயன்படுத்தாமல் விட்டதால் அது ஏப்ரலுக்குச் சேமிப்பாக வந்து சேராது. நேற்றுக் காலியாக ஓடிய பஸ்ஸின் இருக்கைகளை நாளைக்கு விற்க முடியுமா? ஏப்ரலில் வாடிக்கையாளர் வந்தால் அதற்கு ஏப்ரல் கட்டணம் தனியே கட்டியாக வேண்டும். பயன்படாமல் போன செலவு நட்டமே தவிர, சொத்து அல்ல.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கை தூக்க வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 16, குத்தகைகளையே சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில், அதாவது சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் அறிக்கையில், ஏற்றச் சொல்கிறதே, அப்படியென்றால் சல்லிவன் காலத்துக்கு முந்திப் பிறந்தவரா?

இல்லை. அந்தத் தரத்தின்படி சொத்து ஏறும்போது, இனிக் கட்ட வேண்டிய வாடகை முழுவதும் பொறுப்பாக எதிர்ப்பக்கத்தில் கூடவே ஏறும். பிறகு தேய்மானமும் வட்டியும் ஒவ்வொரு காலத்திலும் லாபத்திலிருந்து கழியும். காலியாகக் கிடந்த மாதத்தின் செலவு நாளைக்கு ஒத்திப்போகாது. சல்லிவன் ஏற்றியதோ இனி வரவிருக்கும் மாதங்களின் உரிமை அல்ல. கழிந்துபோன மாதங்களின் பில். அதை எதிர்கொள்ளும் பொறுப்பை எங்கும் காட்டவும் இல்லை.

அந்தத் தரத்தோடு வெளியிடப்பட்ட விளக்க உதாரணங்களில் ஒன்று கண்ணாடி இழைக் கேபிள் பற்றியதே. ஒரு கேபிளில் 15 இழைகள். அவற்றில் தனியாகச் சுட்டிக்காட்டக்கூடிய மூன்று இழைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் அது குத்தகை. மூன்று இழைகளின் அளவுக்குச் சமமான கொள்திறனை, எந்த இழை என்று குறிக்காமல் எடுத்தால் அது வெறும் சேவை. கட்டணம் அந்தந்தக் காலத்தின் செலவு. மாணவர்களிடம் இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் அருகருகே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டுப் பதிவை எழுதச் சொல்லுங்கள். பிறகு, பயன்படாமல் கிடந்த ஒரு மாதத்துக்கு இரண்டிலும் என்ன பதிவு வரும் என்று கேளுங்கள்.